டயாலிசிஸ் வார்டுல திட்ட ஆள் இருக்கு, பேச ஆள் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏதாவது ஊர் ஜி.எச்.ல புதுசா டயாலிசிஸ் மெஷின் திறந்தாங்கன்னு உங்க பேப்பர்ல நியூஸ் வந்தா ஒரு வரி விடாம படிப்பேன், ஏன்னா எங்க வீட்டுக்காரர் கிட்னி போயி டயாலிசிஸ்ல, அதாவது மெஷின் வச்சு ரத்தத்த சுத்தம் பண்ற சிகிச்சையில, இருக்கார். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு மட்டும் இல்லேன்னா இருக்கிற கொஞ்ச நிலமும் எப்பவோ போயிருக்கும், அந்த நன்றி எங்களுக்கு எப்பவும் உண்டு. ஆனா காசு இல்லாம கிடைக்கிற டயாலிசிஸையும் ஏன் இத்தன பேர் மிஸ் பண்றாங்க, ஏன் ரெண்டு மணி நேரத்துலயே ஊசிய எடுத்துடுங்கன்னு எந்திரிச்சுப் போறாங்க, சிலர் ஏன் ஒரேயடியா வராமலே நின்னுடுறாங்க, இத பத்தி யாருமே எழுத மாட்டேங்கறாங்க. அதான் நான் எழுதுறேன்.

நல்ல கிட்னி வாரத்துல 168 மணி நேரமும் ஓயாம ஓடுது. மெஷின், வாரம் மூணு தடவ நாலு நாலு மணி நேரம் போட்டாலும் 12 மணி நேரம்தான், நம்ம பக்கம் நெறைய பேர் ரெண்டு தடவையோட நிறுத்திக்கறதால வெறும் 8. அதுலயும் ஒண்ணு விட்டா நுரையீரல்ல தண்ணி கோத்து படுக்க முடியாம மூச்சு வாங்கும், பொட்டாசியம் ஏறுனா ஹார்ட்டே நின்னு போகலாம். மூணு தடவ போறவங்களுக்கே வாரக் கடைசியில வர்ற ரெண்டு நாள் கேப்புக்கு அடுத்த நாள்தான் சாவும் அட்மிஷனும் ஜாஸ்தின்னு 2011ல அமெரிக்காவுல வந்த பெரிய ஆய்வே சொல்லுது. இதெல்லாம் நோயாளிக்குத் தெரியாம இல்ல, நல்லாவே தெரியும். தெரிஞ்சும் வராம இருக்காங்கன்னா அத திமிருன்னு நினைக்கக் கூடாது, மனசு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

எங்க வீட்டுல நடந்தது இது. ஒரு தடவ உடம்புல தண்ணி சேந்து வெயிட் கூடிப்போச்சு, வார்டுல எல்லாரும் பாக்க "வாயக் கட்டத் தெரியாதா, எத்தன தடவ சொல்றது"ன்னு கத்திட்டாங்க. அவர் ஒண்ணும் பேசல. அடுத்த டயாலிசிஸுக்கு கிளம்பச் சொன்னா உடம்பு முடியல நாளைக்குப் பாத்துக்கலாம்னார், திட்டு வாங்கணுமேன்னுதான் போகலன்னு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. போகலேன்னா இன்னும் தண்ணி ஏறும், இன்னும் திட்டு விழும், இப்படியே போகுது. தாகம் ஏன் எடுக்குதுன்னு யாரும் உக்காந்து சொன்னதில்ல. உப்பு உள்ள போனா எந்த மனுஷனாலயும் தாகத்த அடக்க முடியாது, ஊறுகாய் அப்பளம் கருவாட நிறுத்துன பிறகுதான் அவருக்கு தாகமே குறைஞ்சுது. டாக்டர் சொன்ன அளவு தண்ணிய காலைல ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சிடுவோம், அன்னிக்கு முழுக்க அவ்வளவுதான், மாத்திரைக்கும் அதுலருந்துதான். இந்த வழிய எங்களுக்குச் சொன்னது ஸ்டாஃப் இல்ல, பக்கத்து பெட்ல பல வருஷமா டயாலிசிஸ் பண்ணிட்டு இருந்த ஒரு பெரியவர். ஃபிஸ்டுலாவுல, அதாவது டயாலிசிஸுக்குன்னே கையில ஆபரேஷன் பண்ணி இணைச்ச ரத்தக்குழாய்ல, குத்துற ஊசிய பாத்து நடுங்குற புது ஆளுங்க கைய புடிச்சிட்டு பேசிட்டே இருப்பார்.

அந்த பெரியவர் ஒரு நாள் வரல. கேட்டா வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாருன்னாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது, யாரும் ஒண்ணும் கேட்டுக்கல. அதே பெட்ல வேற ஆள் படுத்தாச்சு. சேர்ந்து மணிக்கணக்கா படுத்துக் கிடந்தவங்க ஒவ்வொருத்தரா காணாம போறத பாத்துட்டே ஒருத்தர் எப்படிங்க தெம்பா இருப்பார்? அந்த வாரம் பூரா எங்க வீட்டுக்காரர் சரியா சாப்பிடல, "நான் உனக்கு பாரம்தானே"ன்னு கேட்டுட்டே இருந்தார். டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு மன அழுத்தம் ரொம்ப சாதாரணமா வர்ற விஷயம், ஆனா தூக்கமின்மை, பசியின்மை, அசதி எல்லாம் கிட்னி நோயிலயும் வரும்ங்கிறதால உடம்புக்குத்தான்னு விட்டுடறாங்க. கண்டுபிடிச்சா கவுன்சலிங் இருக்கு, மாத்திரையும் இருக்கு, கிட்னி டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுக்கணும் அவ்வளவுதான்.

அமெரிக்காவுல டயாலிசிஸ் சென்டர்னா ஒரு சோஷியல் வொர்க்கரும் டயட்டீஷியனும் இருந்தே ஆகணும்னு சட்டமே இருக்கு. நாம அந்த அளவுக்கு உடனே போக வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்துல ஏற்கனவே ஆளுங்க இருக்காங்க, அதுல ஒருத்தர் வாரம் ஒரு தடவ டயாலிசிஸ் வார்டுக்கு வந்தாலே போதும், நோயாளி நாலு மணி நேரம் அங்கயேதான படுத்திருக்கார், தனியா அப்பாயின்ட்மென்ட் கூட வேண்டாம். ஒருத்தர் வரலேன்னா "ஏன் வரல"ன்னு அதட்டாம "என்னாச்சுய்யா, பஸ்ஸுக்கு காசு இல்லயா, கூட வர ஆள் இல்லயா"ன்னு அன்னிக்கே ஒரு போன் போட்டுக் கேக்கட்டும். கூலி வேலைக்குப் போறவருக்கு வேலை கெடாத ஷிஃப்ட்டா பாத்து கொடுக்கட்டும். வீட்டுலயே வயித்து வழியா பண்ற டயாலிசிஸுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அதுக்கான திரவப் பை வீட்டுக்கே வருது, அத பத்தி ஆரம்பத்துலயே எல்லாருக்கும் சொல்லணும், பலருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியல. கூட இருக்கிற எங்கள மாதிரி பொம்பளைங்க கிட்டயும் நீ தூங்குனியாம்மான்னு ஒருத்தர் கேட்டா நல்லாருக்கும்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் இருக்கு. டயாலிசிஸே வேண்டாம், மூலிகையில கிட்னிய சரி பண்றோம்னு வர்ற விளம்பரத்த தயவுசெஞ்சு வாங்காதீங்க. மனசு ஒடஞ்சு கிடக்கிறவங்கதான் அத முதல்ல நம்புறாங்க, நம்பி மெஷின நிறுத்திட்டு திரும்ப வரும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கு. அந்த இடத்துல மனசு கஷ்டத்துக்கு போன்லயே ஆலோசனை சொல்ற டெலி மானஸ் நம்பர், 14416, அத போடுங்க, அரசாங்க நம்பர், காசு கிடையாது, ராத்திரியிலயும் தமிழ்ல பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் நோயாளியின் மனைவி,
தென்காசி மாவட்டம்.