நுண்படச் சுருள்களை மின்னாக்கம் செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். திருவல்லிக்கேணியில் இயங்கிவரும் எங்கள் படிப்பகத்தின் உள்ளறையில், இரும்பு அலமாரி ஒன்றில், பழைய தமிழ் நாளிதழ்களையும் வார இதழ்களையும் படமெடுத்து வைத்த நுண்படச் சுருள்கள் உள்ளன. மைக்ரோபிலிம் என்று பலரும் அறிந்த இச்சுருள்கள் 35 மில்லிமீட்டர் அகலமும் நூறடி நீளமும் கொண்டவை. ஒவ்வொன்றிலும் பல நூறு பக்கங்கள் அடங்கியிருக்கின்றன. சென்ற சித்திரையில் கணக்கெடுப்பதற்காக அலமாரியைத் திறந்தபோது, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு டப்பாவைத் திறந்து சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பொரித்த அப்பளத்தின் விளிம்பைப் போலப் படலத்தின் ஓரம் நெளிந்திருந்தது. அமிலத்தைக் காட்டும் நீலநிறச் சோதனைத் தாள்களை டப்பாக்களுக்குள் வைத்து மறுநாள் எடுத்தபோது, சிலவற்றில் நீலம் மாறாமலே இருந்தது. பலவற்றில் பச்சையாகவும், அடித்தட்டில் இருந்தவற்றில் மஞ்சளாகவும் மாறியிருந்தது. மஞ்சள் நிறம், அழிவு வெகுதூரம் சென்றுவிட்டதைக் காட்டுவது.

எங்களிடம் உள்ள சுருள்கள் 1960களிலும் 70களிலும் எடுக்கப்பட்டவை. அக்காலப் படலங்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அதைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. வெளிப்பட்ட அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, பக்கத்து டப்பாவில் இருக்கும் நல்ல சுருளையும் பற்றிக்கொள்கிறது. குளிரூட்டிய, ஈரம் குறைந்த அறையில் பல தலைமுறைகள் இருந்திருக்கக்கூடிய படலம், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய எங்கள் அறையின் புழுக்கத்தில் அரை நூற்றாண்டைக் கடந்ததே பெரிது என்று சொல்ல வேண்டும். அடித்தளம் சுருங்கச் சுருங்க, எழுத்தைத் தாங்கிய மேற்படலம் உரிந்து வந்துவிடும். அதன்பின் எந்தக் கருவியாலும் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது.

காகிதப் பிரதியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நாளிதழை யார் சேர்த்து வைத்தார்கள்? படித்து முடித்ததும் அது மளிகைக் கடையில் பொட்டலமாகும் அல்லது எடைக்குப் போகும். நூல்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டம் செய்தித்தாள்களுக்கு விரிவாக்கப்பட்டதே 1956இல்தான். 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி, 1899இல் நாளிதழாகி, 1904இல் பாரதியார் துணையாசிரியராகச் சேர்ந்த சுதேசமித்திரன் போன்ற இதழுக்கே முழுத்தொகுப்பு ஓரிடத்தில் கிடைப்பது அரிது என்றால், சில ஆண்டுகளே வெளிவந்து நின்றுபோன சிற்றிதழ்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். எங்கள் சுருள்களில் சிலவற்றுக்கு மூலக் காகிதம் எங்களிடம் இல்லை. படமெடுத்தபோதே நொறுங்கிக்கொண்டிருந்தது என்று பழைய பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது.

இந்த இடத்தில், நன்கொடையாளர்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்திடம் சில சுருள்களைக் குறைந்த கட்டணத்துக்குக் கொடுத்து ஸ்கேன் செய்தோம். அவர்கள் சாம்பல் நிறச் சாயல்களை விட்டுவிட்டு, வெறும் கறுப்பு வெள்ளையாகக் கோப்புகளைத் தந்தார்கள். அவற்றைத் திறந்து படித்தபோது மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதிக்கு மேல் காணாமற்போயிருந்தன. படலத்தின் கீறல்களோ புள்ளிகளாகத் தோன்றின. புள்ளி இல்லாத தமிழைக் கணினி எப்படிப் படிக்கும்? அந்தப் பணம் வீணானதற்கு நாங்களும் பொறுப்பு. மாதிரிப் பக்கங்களை வாங்கிச் சரிபார்க்காமல் முழுவேலையையும் ஒப்படைத்தது எங்கள் தவறு.

இம்முறை சுருளில் உள்ள ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது ஒவ்வொரு படத்தையும், சாம்பல்சாயலோடு, அழுத்திச் சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பாக, மூலப் பக்கத்தின் அளவுக்கு அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற தெளிவில் எடுக்க முடிவு செய்திருக்கிறோம். மஞ்சள் காட்டிய சுருள்கள் முதலில் வரும். இதழ் எவ்வளவு புகழ்பெற்றது என்பது வரிசையைத் தீர்மானிக்காது. படலத்தைத் துடைத்து, அறுந்த இடங்களை ஒட்டி, ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பது மெதுவான வேலை. செலவில் பெரும்பகுதி இப்பணியாளர்களின் ஊதியமே. 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நுண்படமாக்கியும் மின்னாக்கியும் வருவதால், இத்தகைய பணி நம் ஊரிலேயே செம்மையாக நடக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

எஞ்சிய தொகை மூன்று பிரதிகளைப் பாதுகாக்கவும், படலங்களை அமிலமற்ற பெட்டிகளுக்கு மாற்றவும் செலவாகும். ஒரு பிரதி சென்னைக்கு வெளியே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. மின்னாக்கம் முடிந்தாலும் சுருள்களைத் தூக்கி எறிய மாட்டோம். பதிப்புரிமைக் காலம் முடிந்த இதழ்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்து வைக்கப்படும். மற்றவற்றைப் படிப்பகத்தில் வந்து பார்க்கலாம்.

ஒரு சுருளுக்கு ஆகும் முழுச்செலவையும் ஒருவரோ, ஒரு குடும்பமோ, நண்பர்கள் சேர்ந்தோ ஏற்கலாம். அவ்வாறு ஏற்பவர்களின் பெயர், அவர்கள் விரும்பினால், அச்சுருளின் கோப்பு விவரத்தில் இடம்பெறும். அதற்கு இயலாதவர்கள் தரும் சிறு தொகையையும் அதே நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். வருமான வரி விலக்கு பெறும் வசதி எங்களுக்கு இப்போது இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டுமே நன்கொடை பெறுவோம். ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பணத்தைப் போலவே எங்களுக்குத் தேவைப்படுபவர்கள் பழைய அச்சைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா, ணா ஆகியவற்றின் வடிவங்களில் கணினி அடிக்கடி தடுமாறுவதால், அச்சகத்தில் பிழை திருத்திய அனுபவமுள்ள பெரியவர்கள் வாரத்தில் ஓரிரு மணி நேரம் வந்தாலும் பேருதவியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை குழுவினர் படிப்பகத்தில் இருப்போம். சுருள்களையும் சோதனைத் தாள்களையும் நேரில் பார்த்த பிறகு முடிவு செய்ய விரும்புபவர்களும் அந்நேரத்தில் வரலாம்.

இங்ஙனம்,
நுண்படப் பாதுகாப்புக் குழுவினர்,
திருவல்லிக்கேணி, சென்னை.