மன்னன் வாயிலேயே இருக்கிறது அந்தச் சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர் இலக்கியம் பற்றிய கட்டுரையில், பிரான்சின் மீது படையெடுக்கும் இங்கிலாந்து மன்னனைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் மனசாட்சிக்கு இடமே இல்லை என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்த நாடகத்தை வகுப்பில் வரிவரியாக நடத்துகிறவன் என்ற முறையில் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. “நியாயத்தோடும் மனசாட்சியோடும் நான் பிரான்சைக் கோரலாமா?” என்று மன்னனே பேராயரிடம் கேட்கிறான். “அந்தப் பாவம் என் தலையில்” என்கிறார் அவர். அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது முந்தின காட்சியிலேயே தெரிந்துவிடும். திருச்சபையின் நிலங்களைப் பறிக்கும் மசோதா தலைக்கு மேல் நிற்கிறது. போர்ச் செலவுக்குப் பெருந்தொகை தருவதாக மன்னனிடம் சொல்லி வைத்திருக்கிறார். 1600-இல் அச்சான குவார்ட்டோ என்னும் சிறு பதிப்பில் இந்த முதல் காட்சியும் இல்லை, இடையிடையே வந்து கதை சொல்லும் கோரஸின் பேச்சுகளும் இல்லை. 1623-இல் வந்த பெரிய தொகுப்பான ஃபோலியோவில்தான் உண்டு. குவார்ட்டோவை மட்டும் படித்தவருக்குப் பேராயர் சட்டம் தெரிந்த பெரியவராகவே தெரிவார். கட்டுரையாளர் எதைப் படித்தார் என்று எங்கும் சொல்லவில்லை.

நான்காம் அங்கம், முதல் காட்சி. பிரெஞ்சுக்காரர்களோடு நடக்கும் அஜின்கோர்ட் போருக்கு முந்தின இரவு, இரவல் மேலங்கியைப் போர்த்தித் தன்னை மறைத்துக்கொண்டு மன்னன் சிப்பாய்களோடு உட்காருகிறான். “மன்னரின் பக்கம் தப்பு என்றாலும், அவருக்குக் கீழ்ப்படிந்ததால் அந்தக் குற்றம் நம்மைச் சேராது” என்கிறான் பேட்ஸ். இன்னொரு சிப்பாயான வில்லியம்ஸ் விடவில்லை. போரில் வெட்டுண்ட கால்களும் கைகளும் தலைகளும் கடைசி நாளில் ஒன்றுகூடி, இன்ன இடத்தில் செத்தோம் என்று கதறும். வைத்தியனைக் கூப்பிட்டவன், வறுமையில் விட்டுவந்த மனைவியை நினைத்தவன், கட்டாத கடனை நினைத்தவன் எல்லாரும் அதில் இருப்பார்கள். காரணம் நல்லதாக இல்லாவிட்டால் மன்னன்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறான். மன்னன் நீளமாகப் பதில் சொல்கிறான். குடிமகனின் கடமை மன்னனுக்கு, ஆன்மா அவனவனுக்கு என்கிறான். காரணம் நல்லதா என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பதிலில் ஒரு சொல்கூடக் கிடையாது. அவர்கள் போனதும் தனியே, தன் தகப்பன் கிரீடத்தைப் பிடித்த குற்றத்தை ‘இன்று மட்டும்’ நினைக்காதே என்று கடவுளிடம் கெஞ்சுகிறான். இது மனசாட்சி இல்லையென்றால் வேறென்ன, ஐயா?

அன்றிரவு ஆள் தெரியாமல் மன்னனோடு சண்டை வளர்த்து, பிறகு மோதலாம் என்று வில்லியம்ஸ் அடையாளமாகக் கொடுத்த கையுறை நிறைய, போர் முடிந்ததும் பொற்காசு போட்டுக் கொடுக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கும்போதும் அவன், “நீங்கள் மன்னராக வரவில்லையே, சாதாரண ஆளாக அல்லவா வந்தீர்கள்” என்று மன்னன் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

மனக்குறை இது ஒன்றோடு முடியவில்லை. முன்பு ஒரு முறை, பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயப் படையின் சாமான்களைக் காத்த சிறுவர்களைக் கொன்றதற்குப் பழியாகவே ஹென்றி கைதிகளைக் கொல்லச் சொன்னான் என்று எழுதினீர்கள். கொல்லச் சொல்வது நான்காம் அங்கம் ஆறாம் காட்சியின் கடைசியில், எதிரிகள் மறுபடி திரள்கிறார்கள் என்று கேட்டவுடன். சிறுவர்கள் செத்த செய்தி ஏழாம் காட்சியில்தான் வருகிறது. பழி என்ற காரணத்தைப் பிறகு கட்டிச் சொல்பவன் கோவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. இன்னொரு முறை, இந்த நாடகத்தைப் புரிந்துகொள்ள லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த 1944 படத்தைப் பார்த்தால் போதும் என்றீர்கள். உலகப் போர் நடந்தபோது எடுத்த படம் அது. கைதிகளைக் கொல்லும் உத்தரவும், முற்றுகையிட்ட பிரெஞ்சு நகரமான ஹார்ஃப்ளர் நகரத்தாரிடம் உங்கள் குழந்தைகளை ஈட்டியில் குத்துவோம் என்று மன்னன் மிரட்டும் பேச்சும் அதில் வெட்டப்பட்டுவிட்டன. கசப்பானதையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது ஆரவாரம்தான். அதை வைத்து நாடகமே ஆரவாரம் என்று தீர்ப்பு எழுதுவது முறையா?

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர் கையால் இது அச்சானதுதான் வருத்தம். இனி மேற்கோள் போடும்போது அங்கம், காட்சி எண்களையும், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் வில்லியம்ஸ் பேசும் பகுதியை அடுத்த இதழில் தமிழில் வெளியிடுங்கள். ஒரு பத்தி இடம் போதும். மொழிபெயர்த்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்