சாஸ்திரத்தில் இல்லையென்றால் மேடையில் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய சமயச் சொற்பொழிவாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இடம் பிடிக்கிற ஆள் நான். சாமி கும்பிடாதவன் எழுதியது என்று கடிதத்தை ஒதுக்கிவிடக் கூடாதே, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை கல்யாணத்தில் அம்மா மணவறைக்குப் பத்தடி தள்ளித் தூணோரமாக நின்றார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சீட்டுக் கட்டி நகை சேர்த்ததிலிருந்து சமையல்காரரைப் பேசி முடித்தது வரை எல்லாம் அம்மாதான். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு எல்லோரிடமும் போனது, அவரிடம் மட்டும் போகவில்லை. சடங்கு நடத்தியவரிடம் கேட்டேன். "சாஸ்திரத்துல அப்படி ஒண்ணும் இல்லை, உலக வழக்கம்" என்றார். சரி, அப்படியென்றால் அம்மாவைக் கூப்பிடட்டுமா என்றேன். "நல்ல காரியம் நடக்கிற இடம், எதுக்கு வம்பு?" என்றார்.

அந்த இரண்டு பதிலையும் அப்புறம் உங்களிடமே பலமுறை கேட்டுவிட்டேன். தீண்டாமை, வரதட்சிணை, விதவைக் கோலம் என்று யாராவது பேச்செடுத்தால், 'இடையில் வந்த பழக்கம், மதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்' என்கிறீர்கள். அதே பழக்கத்தின் மேல் ஒரு சட்டம் கை வைத்தால், 'மத விஷயத்தில் தலையிடாதே' என்கிறீர்கள். மதம் இல்லையென்றால் போகட்டும் என்று விட வேண்டியதுதானே?

இது இன்று நேற்றுப் பேச்சு இல்லை. 1829இல் உடன்கட்டைக்குத் தடை வந்ததும் பழமைவாதிகளின் அமைப்பான கல்கத்தா தர்ம சபா லண்டன் வரை முறையிட்டது. 1832இல் அது தள்ளுபடியானது. 1891இல் பெண் உடலுறவுக்குச் சம்மதிக்கும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோது திலகரே எதிர்த்தார். பத்து வயதுக் குழந்தைக்காக! பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வர 1947 ஆகிவிட்டது. அன்று தர்மம் என்று கட்டிக் காத்ததைத்தான் இன்று 'நம் மதத்தில் இல்லாதது' என்கிறீர்கள்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வரதட்சிணை எல்லா மதத்து வீடுகளிலும் வாங்கப்படுகிறது. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுந்திருக்கிறது. எல்லாப் பழியையும் இந்து மதத்தின் தலையில் போடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் ஒரே குற்றத்துக்கு வருணம் பார்த்துத் தண்டனை சொல்லும் மனுஸ்மிருதியையும் வெளியூர்க்காரர் யாரும் எழுதிவிட்டுப் போகவில்லை.

உள்ளே இருந்துகொண்டே மாற்ற முடியும் என்பதற்கும் நம்மிடம் ஆள் உண்டு. வங்காளத்து சீர்திருத்தக்காரர் வித்யாசாகர், பழைய தர்ம நூலான பராசர ஸ்மிருதியிலிருந்தே சுலோகம் எடுத்துக் காட்டி விதவை மறுமணத்துக்கு வாதாடினார், 1856இல் சட்டமும் வந்தது. மதுரை வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8 அன்று தலித் மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். நாத்திகர் இல்லை அவர். சொந்த சாதிக்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விடமாட்டோம் என்று தகராறாகி, 2023இல் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அம்மனைப் பூட்டி வைத்த அந்த நாட்களில் நான் கேட்ட எந்தச் சொற்பொழிவிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. திரௌபதி மானம் காத்த கதை மட்டும் மூன்று நாள் நடந்தது.

தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாலித் தட்டை முதலில் அம்மாவிடம்தான் நீட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். சம்மதிக்காதவர் அம்மா ஒருவர்தான். "அவ்வளவு படிச்ச பெரியவங்க, ஒருத்தராவது அப்படிச் சொல்லியிருக்காங்களாடா?" என்று கேட்கிறார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது வருடமாக உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

இப்படிக்கு,
முன்வரிசையில் ஒருவன்