பழைய கணினியும் புது விளையாட்டும்: முகிலனுக்கு

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம். நீ வாட்ஸப்பில் கேட்ட கேள்விக்கு ஓரிரு வரியில் பதில் அனுப்பினால் மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருப்பாய் என்பதால், சாவகாசமாக உட்கார்ந்து கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

ஓசூருக்கு எடுத்துப் போயிருக்கும் நம் வீட்டுக் கணினியில் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ விளையாட்டு ஓடுமா, ஓடாதென்றால் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொல்வது சரிதானா என்று கேட்டிருந்தாய். ஓடாது. கார்டை மட்டும் மாற்றினாலும் போதாது. இத்தனை ஆண்டுகள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பழைய இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன்.

பழைய கணினிக்குப் புது விளையாட்டில் வரும் குறை இரண்டு வகைப்படும். ஒன்று வேகக் குறை, அதைச் சமாளிக்கலாம். மற்றொன்று வசதியே இல்லாத குறை. அதற்கு மருந்து கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்த விளையாட்டு உன்னை நிறுத்துவது இரண்டாவது வகையில். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிடும் ரே டிரேசிங், பெரும்பாலான விளையாட்டுகளில் வேண்டாமென்றால் அணைத்துவிடக்கூடிய ஓர் அலங்காரம். இதில் அப்படி அணைக்க வழியில்லை, ஏனென்றால் காட்சியின் வெளிச்சம் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ விளையாட்டும் அதே வழியில் போயிருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வோர் அறையின் வெளிச்சத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரில் பூசியதுபோல் சேமித்துவைப்பார்கள். அந்த வேலை மிச்சமாகிறது என்பதால் தயாரிப்பாளர்களுக்கு இதில் லாபமும் உண்டு. அந்த லாபத்துக்கான செலவு நம் தலையில் விழுகிறது என்பது வேறு விஷயம்.

உன்னிடம் இருக்கும் கார்டு 2016-இல் வந்த என்விடியா நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. நினைவகம் கொண்டது. என்விடியா இந்தக் கணக்குக்கென்று தனிச் சுற்றுகளை வீட்டுக் கணினிக்கான கார்டுகளில் வைக்கத் தொடங்கியது 2018-இல், ஆர்.டி.எக்ஸ். 20 வரிசையிலிருந்துதான். விளையாட்டு ஓடக் குறைந்தபட்சம் தேவையானவை என்று தயாரிப்பாளர்கள் தந்த பட்டியலில் ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் அல்லது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 என்று இருப்பதன் பொருள் இதுதான். 2017-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. சாதாரண விளையாட்டுகளில் 2060 சூப்பருக்குச் சற்றும் சளைத்ததல்ல. நினைவகம்கூட 11 ஜி.பி. இருக்கிறது. அதற்கும் இங்கே இடமில்லை. ஆகவே ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாமா, நிழல்களை அணைத்துப் பார்க்கலாமா என்று நீ யோசிக்க வேண்டியதே இல்லை.

இனி கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். ஆர்.எக்ஸ். 6600 வாங்கிப் பொருத்தினால் வாசல் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே பட்டியலில் பிராசசர் கோர் ஐ7 10700கே அல்லது ரைசன் 5 3600 என்றும், கணினியின் தற்காலிக நினைவகமான ராம் 16 ஜி.பி. என்றும், ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் 120 ஜி.பி. இடம் என்றும் போட்டிருப்பதை அவர் உனக்குப் படித்துக் காட்டவில்லை. உன்னுடையது 2014-இல் வந்த கோர் ஐ5 4590: நான்கு கோர் (கணக்கிடும் மையம்), நான்கே திரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை வரிசை). ரைசன் 5 3600-இல் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் வர வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறக்குறைய 16.7 மில்லி நொடிதான் கிடைக்கும். அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், எது உருள்கிறது, எந்த ஒலி எழுகிறது என்பதையெல்லாம் பிராசசர் முடிவு செய்து கார்டிடம் ஒப்படைத்தாக வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர்களைக் கூட்டினால் அடுப்பில் சோறு சீக்கிரம் வெந்துவிடாது. நல்ல கார்டைப் போட்ட பிறகும் காட்சி திக்கித் திக்கி நகர்ந்தால் நீ கார்டைத்தான் குறை சொல்லுவாய்.

பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டும் இடையூறு செய்யும். நம்முடையது எச்81 சிப்செட். அதில் கார்டு சொருகும் இடம் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை, தரவு போகும் தடமான லேன் ஒன்றுக்கு நொடிக்கு 500 எம்.பி. உன் 1060 பதினாறு லேன்களையும் பயன்படுத்துவதால் அதற்கு நொடிக்கு 8 ஜி.பி. கிடைக்கிறது. ஆர்.எக்ஸ். 6600-க்கு எட்டு லேன்தான். ஆகவே இந்தப் போர்டில் அதன் வழி பாதியாகி நொடிக்கு 4 ஜி.பி. ஆகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போகாதே. அதற்கு நான்கே லேன், நினைவகமும் 4 ஜி.பி.தான். நினைவகம் நிரம்பி வழியும்போதெல்லாம் அந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் எல்லாம் வந்துபோக வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். பெரிய எழுத்தில் 450 வாட் என்றுதான் இருக்கிறது. அதை நம்பாதே, கட்டத்துக்குள் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார். பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் உண்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 1060-க்கு 120, ஐ5-க்கு 84, ஆக 204 வாட். இப்போதே விளிம்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். 6600-க்கு 132 என்றால் கூட்டுத்தொகை சரியாக 216-இல் வந்து நிற்கும். மின்விசிறிகளுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் மிச்சமில்லை. மலிவான கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அச்சிட்ட அளவையே நெடுநேரம் தருமென்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. எந்தக் கார்டு வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன் இதை மாற்றிவிடு. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, இந்தக் கணினியில் கனமான விளையாட்டு எதுவுமே ஓடாதா என்றால், அப்படியும் இல்லை. ‘சைபர்பங்க் 2077’ வேண்டுமென்று முன்பு நீ சொன்னது நினைவிருக்கிறது. 2020-இல் வெளியானபோது அதற்கு 8 ஜி.பி. ராமும் சாதாரண ஹார்டு டிஸ்கும் போதும் என்றார்கள். 2023-இல் 2.0 பதிப்பு வந்தபோது பட்டியலையே திருத்திவிட்டார்கள்: கோர் ஐ7 6700, 12 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. கட்டாயம், கார்டு ஜி.டி.எக்ஸ். 1060 6 ஜி.பி. கவனித்தாயா, உன் கார்டு அப்படியே பட்டியலில் இருக்கிறது. குறைவது மற்றவை, அவை வேகக் குறை வகையைச் சேர்ந்தவை.

ஆகவே நானாக இருந்தால் முதலில் ராமைத்தான் பார்ப்பேன். இப்போது ஒரே 8 ஜி.பி. குச்சி இருக்கிறது, பக்கத்துச் சொருகி காலி. அதே டி.டி.ஆர்.3 வகையில், அதே 1600 வேகத்தில் இன்னொன்றைப் போட்டால் அளவு 16 ஜி.பி. ஆவதோடு, இரண்டு குச்சிகளும் இணைந்து வேலை செய்து தரவு போகும் வழி நொடிக்கு 12.8-லிருந்து 25.6 ஜி.பி. ஆகிவிடும். அடுத்து எஸ்.எஸ்.டி. இந்தப் போர்டில் எஸ்.எஸ்.டி.யை நேரே சொருகும் எம்.2 சொருகி இல்லாததால், கேபிளில் இணைக்கும் சாட்டா வகைதான் வாங்க வேண்டும். நான்கு சாட்டா சொருகிகளில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகமுடையவை, பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அவற்றில் ஒன்றில் மாட்டு. அதன் பிறகும் திக்கினால், இதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7 4770 பழையதாகச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறதா என்று உன் மாமாவிடம் விசாரிக்கச் சொல்கிறேன். எட்டு திரெட், அதே 84 வாட். பிராசசரைக் கழற்றும்போது அதன் சூட்டைக் கடத்தும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை நன்றாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவு.

விளையாட்டுக்குள் போனதும் கிராபிக்ஸை ‘லோ’வில் வைத்துக்கொண்டு எஃப்.எஸ்.ஆர். வசதியைக் ‘குவாலிட்டி’ நிலையில் போடு, அது 1280-க்கு 720 அளவில் வரைந்து 1920-க்கு 1080 ஆகப் பெருக்கித் தரும். இதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். உன் கார்டில் வராது, இது வரும். பிறகு ரெசல்யூஷனை இன்னும் ஒரு படி குறைத்துப் பார். ஃபிரேம் எண்ணிக்கை கூடினால் தடை கார்டில். கூடாமல் அப்படியே நின்றால் தடை பிராசசரில். பிராசசரில் என்றால் கூட்டத்தின் அடர்த்தி என்ற அமைப்பைக் குறைத்துவிடு, தெருவில் நடமாடும் ஆட்கள் குறைவார்கள். வெறிச்சோடிய அறைக்குள் நின்று இந்தச் சோதனையைச் செய்யாதே. ஆட்கள் நெரியும் கடைத்தெருவுக்குப் போய்ப் பார். நொடிக்கு 30 ஃபிரேம் சீராக வந்தால் அதிலேயே பூட்டிவைத்து விளையாடு. 50-க்கும் 25-க்கும் இடையே ஊசலாடுவதைவிட அது கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் பதினான்கு நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணியைத் தாண்டாதவரை, பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே மேலே சொன்ன சோதனையை முடித்துவிடு. தொடக்கக் காட்சிகளிலேயே கணிசமான நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

‘இண்டியானா ஜோன்ஸ்’ விளையாட்டுக்காகப் பணம் சேர்ப்பதாக இருந்தால், போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் ஒருசேர மாற்றுவதற்குச் சேர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்றதென்று அங்கீகரித்த பிராசசர்களில் உன் ஐ5 அடங்கிய நான்காம் தலைமுறை இல்லை என்பதால், எப்படியும் அந்தச் செலவு வரத்தான் போகிறது. கார்டு கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். பழைய கார்டாக வாங்கினால் விசிறியைக் கையால் சுழற்றிப் பார், உரசலோ ஆட்டமோ இருந்தால் வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தை ஈட்டும் ‘சுரங்க’ வேலைக்குக் கார்டுகள் தேவைப்படாமல் போனபோது, இரவும் பகலும் ஓடித் தேய்ந்தவை ஏராளமாகச் சந்தைக்கு வந்தன.

எஸ்.எம்.பி.எஸ். மாதிரி எண்ணையும் கேபினெட்டுக்குள் கார்டுக்கு இருக்கும் நீளத்தையும் அளந்து எழுது, எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். கேபினெட்டைத் திறக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடு.

அன்புடன்,
அம்மா
சேலம்