பழைய அறைத் துப்பாக்கியைப் பளபளப்பாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழம்பொருள் சேகரிப்பைப் பற்றி வெளியான கட்டுரையை ஜெர்மனியிலிருந்து படித்தேன். நான் பல ஆண்டுகளாகச் சேகரித்தும் செப்பனிட்டும் வரும் ஜெர்மானிய உள்ளரங்கக் குறிபார்ப்புத் துப்பாக்கிகளுக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழில் இவற்றைப் பற்றி எவரும் எழுதி நான் கண்டதில்லை என்பதால் மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பத்தியில் இருந்த இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. இவை வெறும் பொம்மைத் துப்பாக்கிகள் என்பது ஒன்று. கறுத்துப்போன உலோகத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக நீலநிறம் ஏற்றினால் மதிப்பு உயரும் என்பது மற்றொன்று. முதலாவதை நம்புபவருக்கு உடற்காயம் நேரலாம். இரண்டாவதை நம்புபவரின் கையில் ஒரு நூற்றாண்டுக் கைவேலை அழிந்துபோகும்.

இத்துப்பாக்கியை ஜெர்மானியர் 'ஸிம்மர்ஷ்டுட்ஸன்' என்பார்கள். 'ஸிம்மர்' என்றால் அறை. 'ஷ்டுட்ஸன்' என்பது குட்டையான வரிக்குழல் துப்பாக்கியை, அதாவது குழலின் உட்புறம் சுருள் பள்ளம் வெட்டிய துப்பாக்கியைக் குறிக்கும் பழைய சொல். அறைத் துப்பாக்கி என்றே நாம் அழைக்கலாம். இதன் தோட்டாவில் வெடிமருந்து கிடையாது. சாதாரணத் தோட்டாவில் மருந்தைப் பற்றவைப்பதற்காக மட்டும் வைக்கப்படும் கேப்பு மருந்துதான், 4 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் சிறிய ஈயக் குண்டை இங்கே உந்தித் தள்ளுகிறது. அவ்வளவு சிறிய உந்துதலால் குண்டை நீண்ட குழலின் வழியே தள்ள இயலாது என்பதால், குண்டு உண்மையில் பயணம் செய்யும் வரிக்குழல் ஒரு சாண் நீளமே இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கனமான எண்கோணக் குழலுடன் கூடிய முழு நீளத் துப்பாக்கியே தெரியும். காரணம் எளிது. நிலையாகக் குறிபார்க்க எடை வேண்டும். கண்ணருகே உள்ள குறித்துளைக்கும் குழல்முனையில் உள்ள குறிமுள்ளுக்கும் இடையே தூரமும் வேண்டும். ஆகவே பழைய வடிவங்கள் பலவற்றில் அந்தக் குட்டைக் குழலை நீண்ட குழலின் முன்பாதியில் பொருத்தி, தோட்டா இடும் வாயையும் அங்கேயே வைத்தார்கள். பின்னால் இருக்கும் சுத்தி அடித்ததும், அந்த அடியை ஒரு நீண்ட கம்பி குழலின் உள்வழியே கொண்டுசென்று கேப்பில் சேர்க்கும். ஒரு கேப்பின் சிறு வெடிப்புக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று, ஒவ்வொரு முறை ஒன்றைப் பிரிக்கும்போதும் வியக்கிறேன். எல்லாம் இப்படி அமைந்தவை அல்ல. சூல் நகரின் ஹேனல் நிறுவனம் செய்த, ஆய்ட் என்பவர் வடிவமைத்த துப்பாக்கிகளில், தோட்டா இடும் வாயை மூடும் அடைப்பு வழக்கமான இடத்திலேயே கீழ்நோக்கி இறங்கித் திறக்கும்.

இவை பிறந்த சூழலையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் குறிசுடும் சங்கங்கள் ஊர்வாழ்வின் பகுதி. அவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1861இல் கோத்தா நகரில் தொடங்கப்பட்டது. குளிர்காலத்தில் திறந்தவெளியில் சுட இயலாதபோது, பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சங்கத்தார் விடுதிகளின் நீண்ட கூடத்தில் கூடி, ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் இலக்கு வைத்து மாலை நேரத்தைக் கழித்தார்கள். சத்தம் குறைவு, புகையும் இல்லை என்றே சொல்லலாம். 1946 ஜனவரியில் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு மக்களிடமிருந்த ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டபோது குறிசுடுவோரின் துப்பாக்கிகளும் தப்பவில்லை. கூட்டமைப்பு 1951இல் மறுபடி உருவான பின்னர் கூடங்களில் காற்றுத் துப்பாக்கி இடம்பிடித்துவிட்டது. ஆயினும் 15 மீட்டர் அறைத் துப்பாக்கிப் போட்டி அக்கூட்டமைப்பின் விதிகளில் இன்றும் தனிப் பிரிவாக நீடிக்கிறது. ஆகவே எஞ்சியிருப்பவை சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்கள் மட்டுமல்ல. இன்னும் இலக்கைத் தொடும் கருவிகள்.

பொம்மை என்ற சொல்லை நான் இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. பரணில் கிடைத்த பழைய துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பவர், இயல்பாகவே விரலால் இழுக்கும் விசைக்கு மேலுள்ள பகுதியைத்தான் திறக்கப் பார்ப்பார். முன்பாதியில் வாய் கொண்ட அறைத் துப்பாக்கியில் அங்கே திறக்க ஒன்றுமே இருக்காது. 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று அவர் கீழே வைத்துவிடுவார். தோட்டாவோ குழலின் நடுவில், சிறிய நெம்புகோல் ஒன்றின் அடியில் கிடக்கும். இதன் குண்டு சிறிதானாலும் கண்ணைப் பறித்துவிடும். அதோடு இரட்டை விசை உள்ளவற்றில் ஒரு விசையை இழுத்து நாண் ஏற்றிவிட்டால், மற்றொரு விசை இறகு பட்டாற்போல் தொட்டதும் விடுபடும். இந்நாட்டில் வாரிசாக இப்படி ஒன்றைப் பெற்றவர் தாமதமின்றி உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கும் முன்னதாக, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையைத் தொடாமல், விவரம் அறிந்த ஒருவரை அழைக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

இனி உப்புத்தாளைப் பற்றி. ஒரு பழைய துப்பாக்கி தன் வரலாற்றைத் தன் தோலில்தான் எழுதி வைத்திருக்கிறது. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜெர்மனியில் துப்பாக்கிக் குழல்களை அரசுச் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் முறை வந்தது. கிரீடத்தின் கீழ் 'ஜி' எழுத்து இருந்தால் அக்குழல் வரிப்பள்ளம் வெட்டப்பட்டது என்று பொருள். சில குழல்களில் சோதித்த மாதமும் ஆண்டும் சிறு எண்களாகக் காணப்படும். இந்த முத்திரைகள் ஆழமானவை அல்ல. மேலும், குழலின் மேற்புறம் தங்க எழுத்தில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் விற்ற கடைக்காரருடையது. செய்தவர் துப்பாக்கித் தொழில் நகரங்களான சூலிலோ ஸெல்லா-மேலிஸிலோ இருந்திருப்பார். அவரை அடையாளம் காண, துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு சிறு முத்திரையோ, பாகங்களில் அரத்தால் கீறிய வரிசை எண்ணோதான் நமக்குத் துணை. உப்புத்தாள் அரை மணி நேரத்தில் இவை அனைத்தையும் துடைத்துவிடும். எண்கோணக் குழலின் கூர்விளிம்புகள் மழுங்கும். எழுத்தின் ஓரங்கள் கரையும். எலும்புக்கரியில் புதைத்துச் சுட்டுக் கடினப்படுத்தியதால் பூட்டுப் பலகையில் (சுத்தி இயங்கும் பொறியைத் தாங்கும் தகட்டில்) படர்ந்த நீலமும் பழுப்பும் கலந்த மேகநிறம் போனால் திரும்ப வராது.

புதிய நீலநிறம் ஏற்றுவதன் தீங்கை நான் நேரில் அறிவேன். முதன்முதலாக நான் வாங்கிய அறைத் துப்பாக்கி கண்ணைப் பறிக்கும் கருநீலத்தில் இருந்தது. இலக்கில் வைத்தால் குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சென்றது. குறிகாட்டியை மாற்றினேன், குண்டை மாற்றினேன், குற்றத்தை என் கண்ணிலும் தேடினேன். கடைசியில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் குழலைப் பிரித்துக் காட்டினார்: உள்ளே ஈயப்பற்றால் நிறுத்தியிருந்த குட்டைக் குழல் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில், கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி நிறம் ஏற்றும் நவீன முறைக்கு அதை உட்படுத்தியிருக்கிறார். அந்தக் கரைசல் ஈயப்பற்றைத் தின்றுவிடும். பழைய தொழிலாளர்களோ மெல்லிய துருவை வரவழைத்து, கொதிநீரில் கறுக்க வைத்து, தேய்த்து, மறுபடி துரு வரவழைத்து, நாள்கணக்கில் பொறுமையாக நிறம் ஏற்றினார்கள். பற்றுக்கு அதனால் கேடில்லை. அந்தத் துப்பாக்கி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் முத்திரைகளை எவராலும் படிக்க முடியாது.

அப்படியானால் செப்பனிடவே கூடாதா என்று கேட்கலாம். செப்பனிட வேண்டும், ஆனால் செய்ததைப் பின்னொருவர் நீக்க முடியும்படி செய்ய வேண்டும். தொடக்கம் பெரும்பாலும் தண்ணீர்தான். பழைய கேப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்த பின் குழலில் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் அது கரையாது. எனவே எண்ணெயை ஊற்றி ஊற்றித் துடைத்தவர்களின் குழல்கள் புள்ளிப்புள்ளியாக அரித்துப் போயிருக்க, வெந்நீர் நனைத்த துணியால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவியவர்களின் குழல்கள் இன்றும் கண்ணாடிபோல் இருக்கின்றன. 1920களின் இறுதியில் அரிக்காத மருந்துகள் பரவிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

திருகாணிகளின் பள்ளம் மிகக் குறுகலானது. கடையில் கிடைக்கும் திருப்புளி அதில் பொருந்தாது. நழுவி, தலையைச் சிதைத்து, பக்கத்தில் செதுக்கியுள்ள பூவேலையையும் கீறிவிடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏற்றவாறு திருப்புளியின் நுனியைத் தேய்த்துக்கொள்வதில் ஒரு மாலை கழிந்தாலும் அது வீணல்ல. உடைந்த பட்டைவில்லுக்கு மாற்றாகப் புதிது செய்தால், உடைந்ததைத் தூக்கி எறியாமல் ஒரு உறையில் போட்டுத் துப்பாக்கியுடனேயே வையுங்கள். வளைவும் தடிமனும் அதில்தான் இருக்கின்றன. குழல், அடைப்பு ஆகிய அழுத்தம் தாங்கும் பாகங்களை நான் தொடுவதில்லை. அது உரிமம் பெற்றவர்களின் வேலை. அப்பாகங்களை மாற்றினால் சோதனைக் கூடத்தில் மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை மரவேலை. அக்ரூட் (வால்நட்) மரத்தில் ஆழமான கன்னத்தாங்கியோடும், தோளைக் கவ்விப் பிடிக்கும் கொக்கித் தகட்டோடும் அமைந்த இந்தக் கட்டைகள், கைப்பிடிக்குச் சற்று முன்னால், பூட்டின் எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்து மென்மையாகிப் போன இடத்தில்தான் விரிசல் விடும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. முதலில் சீமைச்சுண்ணாம்புப் பொடியைக் கரைப்பானில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உதிர்த்து, மறுபடி பூசி, எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சில நேரம் வாரங்கள் ஆகும். பின்னர் விரிசலில் நான் இடுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசையான வஜ்ஜிரம். இக்காலத்து எப்பாக்ஸிப் பசை அதைவிட உறுதியானது என்பதை அறிவேன். ஆனால் வஜ்ஜிரத்தை வெப்பமும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். நான் தவறாக ஒட்டியிருந்தால், எனக்குப் பின் வருபவர் மரத்தை உடைக்காமல் திருத்திக்கொள்வார்.

தோட்டா கிடைப்பது அரிதாகிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி, சிலர் குழலைக் குடைந்து சாதாரணச் சிறுதோட்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கேப்பின் விசைக்காகச் செய்த அடைப்பை வெடிமருந்தின் அழுத்தத்துக்கு உட்படுத்துவது சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. சுடாமல் வைத்திருப்பது குறையல்ல. சுட விரும்புவோர் குண்டின் அளவை நிதானமாகத் தேடட்டும். ஈயக் குண்டுகள் மிக நுண்ணிய வேறுபாட்டுடன் எண்ணிட்ட அளவுகளில் வந்தவை என்பதால், ஒரு குழலில் ஒட்டிச் செல்லும் குண்டு இன்னொன்றில் தளர்ந்தோடும்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் தங்கள் நாளிதழ் ஜெர்மனியில் வாழும் தமிழர் பலரின் வீடுகளிலும் படிக்கப்படுகிறது. அவர்களில் எவரேனும் மாமனார் வீட்டுப் பரணிலோ சந்தையிலோ இப்படி ஒன்றைக் காண நேரலாம். ஆகவே உப்புத்தாள் குறித்த அறிவுரையைத் திரும்பப் பெற்று ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறும், குழலின் நடுவில் தோட்டா மறைந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அதில் முதல் வரியாகச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இத்துப்பாக்கிகளின் நிழற்படங்கள் தேவைப்பட்டால், கைபடாத முத்திரைகளோடு கூடியவற்றை எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
துரிங்கியா, ஜெர்மனி