கேட்டவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சை எங்கள் ஈரோடு மாவட்டத்துக் கிராமங்களிலும் வீட்டு வாசலுக்கே வருகிறது. புண்ணுக்குக் கட்டுப் போடவும் வலிக்கு மருந்து தரவும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாவை எதிர்நோக்கி இருப்பவர் சாமியைப் பற்றியும் பாவ புண்ணியத்தைப் பற்றியும் கேட்கும்போது அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பயிற்சி தருகிறோம் என்பதே என் கவலை.

தன்னார்வலராக நான் பெற்ற இரண்டு நாள் பயிற்சி முழுவதும், நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதிலேயே கழிந்தது. அதன்பின் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். நாற்பது வருடம் கரும்பாலை ஓட்டியவர்; தொண்டையில் புற்று. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, “ஏனுங் கண்ணு, நா ஆருக்கு என்ன பாவம் பண்ணுனேன்?” என்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா, மனச உட்ராதீங்க” என்று சொல்லிவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் குழுவுக்கு வழிகாட்டும் மூத்த செவிலியர், அன்று இரவே அந்தப் பேச்சை, பெரியவர் சொன்னது, நான் சொன்னது, இடையிலிருந்த மௌனம் உட்பட, பெயரையும் ஊரையும் நீக்கி அப்படியே எழுதிவரச் சொன்னார். படித்துப் பார்த்தவர் குறை ஏதும் சொல்லவில்லை, “அவர் கேட்டபோது உங்க மனசு எங்க இருந்ததுங்க?” என்று மட்டும் கேட்டார். இதே கேள்வியை என் தகப்பனார் கடைசி நாட்களில் என்னிடம் கேட்டதும், அன்றும் நான் பேச்சை மாற்றியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. பெரியவருக்குத் திருநீறு பூசியது அவருடைய ஆறுதலுக்காக அல்ல, என் பயத்துக்காக. அடுத்த வாரம் போய், “அன்னிக்குக் கேட்டீங்களே, எதை நெனச்சுக் கேட்டீங்க?” என்றேன். கிணற்றுப் பங்கில் முறைத் தண்ணீருக்காகத் தம்பியோடு பேச்சு நின்றுபோனதை ஒரு மணி நேரம் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை.

இவ்வாறு எழுதித் திரும்பிப் பார்க்கும் முறை புதியதன்று. 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், தாமே மனநோயாளியாக இருந்து மீண்டவர், இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் பாடம் கற்க அழைத்து வந்தார். அந்த வழியில் வளர்ந்த பயிற்சியில் இன்று அங்கே ஒரு பருவத்துக்கு 400 மணி நேரம்; அதில் ஒரு பகுதி, தாம் எழுதி வந்த உரையாடலைச் சக பயிற்சியாளர்கள் முன் வைத்துப் பேசுவதற்கே. அந்த அளவு நம்மால் இயலாமல் போகலாம். ஆனால் மாதம் இரண்டு முறை, ஐந்தாறு பேர், ஒரு வழிகாட்டி, ஒன்றரை மணி நேரம் என்பது எந்த வட்டார மருத்துவமனைக்கும் இயலக்கூடியதே. பூசாரியார், பாதிரியார், இமாம் ஆகியோரும் அதில் சேர்ந்து உட்கார வேண்டும். நோயாளி வீட்டுக்கு முதலில் அழைக்கப்படுபவர்கள் அவர்கள்தாம்.

மாவட்டச் சுகாதாரத் துறையும் கொங்குப் பகுதியின் மருத்துவ, செவிலியர் கல்லூரிகளும் வரும் கல்வியாண்டிலேயே இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தைத் தன்னார்வலர்களின் பணி நேரமாகவே கணக்கிடவும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்,
கோபிசெட்டிபாளையம்.