ஞாயிற்றுக்கிழமைத் தோல் பிரிவு வேண்டி மனு

அனுப்புநர்
பனியன் கம்பெனித் தையல் தொழிலாளி ஒருவர், திருப்பூர்.
(மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் என் பெயர், முகவரி, செல்போன் எண்ணைத் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறையில் இணைத்திருக்கிறேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: பருவுக்கும் பருத் தழும்புக்கும் பார்லர்களில் செய்யும் கெமிக்கல் பீல் (அமிலம் தடவித் தோலின் மேல் பகுதியை உரிய வைக்கும் முறை) குறித்து ஆய்வு நடத்தவும், அரசு மருத்துவமனையில் மாதம் இரண்டு ஞாயிறு தோல் பிரிவு நடத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் மகளுக்கு 22 வயது. செக்கிங்கில் வேலை. பதினாறு வயதில் வர ஆரம்பித்த பரு, இரண்டு கன்னத்திலும் கருந்தழும்பும் சின்னச் சின்னக் குழிகளுமாக நின்றுவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கினாள், மறுநாள் பியூட்டி பார்லருக்குக் கிளம்பிவிட்டாள். “மூணே சிட்டிங், குழியெல்லாம் ரொம்பிரும்” என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கினார்கள்.

நானும் கூட இருந்தேன். பழுப்பு நிறப் பாட்டில். கம்பெனி பெயர் கிடையாது, பேட்ச் எண் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. ஸ்கெட்ச் பேனாவில் ‘50’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், முகத்தில் என்ன கிரீம் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஞ்சில் தொட்டுத் தடவிவிட்டு, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, அந்தப் பெண் அடுத்தவருக்குப் புருவம் எடுக்கப் போய்விட்டார். “எரியுதுக்கா” என்றாள் மகள். “எரியத்தான் கண்ணு செய்யும், அப்பத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று அங்கிருந்தே பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இடது கன்னம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. மூன்றாம் நாள் பொருக்காகி, உரிந்ததும் கறுத்துப்போனது. ஐந்து மாதமாகிறது. இன்றைக்கும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் கம்பெனி வண்டி ஏறுகிறாள்.

பீல் என்றாலே கெடுதல் என்று நானும் நினைத்திருந்தேன். அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். முறையாகச் செய்தால் பருவும் கருந்தழும்பும் நன்றாகக் குறையுமாம். பருவுக்கு 20 முதல் 30 சதவீதம் வரையுள்ள சாலிசிலிக் அமிலம் வைப்பார்களாம். கிளைகோலிக் அமிலம் என்றால் குறைந்த அளவில் தொடங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேரம் ஆனதும் சோடா பைகார்பனேட் கரைசலால் அதை முறிக்க வேண்டுமாம். அதற்கு முன் இரண்டு வாரமாவது கிரீம் போட்டுத் தோலைத் தயார் செய்வார்கள். பிறகு வெயிலில் போகக் கூடாது, சன்ஸ்கிரீன் கட்டாயம். நம் மாநிறத் தோலில் புண்ணானால் கருமை மாதக்கணக்கில் தங்கும், அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை என்றார். ஆழக் குழிக்கு மேலோட்டமான பீல் உதவாதாம். கூர்மையான குச்சி முனையால் ஒவ்வொரு குழிக்குள்ளும் அதிக வீரியமுள்ள ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைக்கும் முறை ஒன்று உண்டு, அது கை பழகிய டாக்டர் செய்ய வேண்டியது என்றார். மூன்று சிட்டிங்கில் குழி ரொம்பும் என்ற பேச்சு அங்கேயே பொய்யாகிவிட்டது. சரி, மகளுக்கு வைத்தது எந்த அமிலம்? பாட்டிலில் எழுதாததால் டாக்டரம்மாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு நல்ல டாக்டர் இருக்கும்போது பார்லருக்கு ஏன் போனீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கூலி ஷிப்டுக் கணக்கு. புறநோயாளிப் பிரிவு வார நாளில், காலையில். அங்கே வரிசையில் நின்றால் அன்றைய ஷிப்டு போச்சு. பார்லர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கிறது. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இருக்கிற ஒரே லீவு நாள் அதுதான். பீல் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்வது என்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். அந்த இரண்டு நாளும் தோல் பிரிவு இயங்கவும், பீல் அங்கேயே செய்யவும் ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது ஆய்வு. சிகிச்சை அளிக்கும் இடங்கள் பதிவு பெற வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. ஃபேஷியல் என்று பெயர் வைத்துவிட்டால் அமிலமும் அலங்காரமாகிவிடுகிறது. மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரும் மருந்து ஆய்வாளரும் சேர்ந்து பார்லர்களில் உள்ள பாட்டில்களைப் பார்வையிடவும், லேபிள் இல்லாதவற்றைப் பறிமுதல் செய்யவும், டாக்டர் இல்லாமல் பீல் செய்வதை நிறுத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். எங்களிடம் பணம் வாங்கிய பார்லரின் பெயரை இதில் எழுதவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால் நேரில் சொல்கிறேன்.

இணைப்பு: மகள் செல்போனில் எடுத்த பாட்டில் படம், கன்னத்தின் படம் இரண்டு, புறநோயாளிச் சீட்டு நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் உறையில் உள்ள தாளில்)